நான் காட்டிய வீடு

பள்ளிக்கூட அதிபர் வீட்டு வாசல் படலை நீல நிறம். செட்டிகுளத்தில் எங்கள் ஒழுங்கையில் வேறெந்தப் படலைக்கும் அப்போது பெயின்ற் கிடையாது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அழுதுகொண்டு வரும் தாய்மாருக்கு அவர் முறைப்பாடு எழுதிக் கொடுப்பார். எழுதியதை வாசித்தும் காட்டுவார். "நீங்கள் சொன்னது இதுதானோ, வடிவாய்க் கேளுங்கோ" என்பார். வேலியோரம் விளையாடும் என்னைக் கண்டால், "என்ன மேடம், இண்டைக்கு உங்களுக்கு லீவோ?" என்று பகிடி விடுவார்.

எங்கள் பக்கம் வீடுகளுக்கு இலக்கம் இல்லை. புதிதாய் வருகிறவர்கள் ஒழுங்கை முகப்பில் நிற்கிற பிள்ளையைத்தான் கேட்பார்கள். கேட்டவர்களுக்கு மரியாதையாய்ச் சொல்ல வேண்டும் என்று அம்மா பழக்கியிருந்தா. அன்று பின்னேரம் மோட்டார் சைக்கிளில் இருவர் வந்தார்கள். பின்னால் இருந்தவர் சிரித்தபடி, "தங்கச்சி, அதிபர் வீடு எது?" என்றார். எனக்கு ஏழு வயது. "அந்த நீலப் படலை" என்று கையை நீட்டினேன். கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தம் கேட்டது.

நான் நித்திரை என்று அம்மா பொலிசுக்குச் சொன்னா. சாட்சி இல்லாமல் வழக்கும் மூடப்பட்டது. "நீ ஒண்டும் காணேல்லை" என்று அவ சொல்லிச் சொல்லி, சில காலம் நானே அதை நம்பியும் இருந்தேன்.

இந்த வருடம் வழக்கை மறுபடி திறந்திருக்கிறார்கள். பழைய கோவைக் கட்டைப் புரட்டி என் பெயரைக் கண்ட சட்டத்தரணி, அன்று உண்மையிலேயே நித்திரையா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அடுத்த கிழமை சந்திக் கடையில் யாரோ எங்கள் வீடு எது என்று விசாரித்தாராம். கடைக்காரர் தெரியாது என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து மூன்று வயது மகளை முற்றத்தில் விடுவதில்லை. அவள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். செய்வது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. "வாயை வைச்சுக்கொண்டு இரு, உனக்கும் ஒரு பிள்ளை இருக்கு" என்கிறா அம்மா. அன்று அவவும் இப்படித்தான் நடுங்கியிருப்பா.

ஆனால் கொன்றவர்களைவிட அதிபரின் மனைவிக்குத்தான் அதிகம் பயந்தேன். எனக்கு அரிச்சுவடி படிப்பித்த டீச்சர் அவ. அவ நீதிமன்றத்தில் கேட்டு அறிவதற்கு முன், நானே சொல்ல வேண்டும் என்று போனேன். படலை இப்போது கறுப்பு இரும்பு.

"டீச்சர், வீட்டைக் காட்டினது நான்தான்."

உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவ சுளகைக் கீழே வைத்தா. நீ காட்டாவிட்டாலும் வேறு யாரோ காட்டியிருப்பார்கள் என்று சொல்வா என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எழும்பிப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

"அவன்ரை முகம் ஞாபகமிருக்கோ?"

"ஓம் டீச்சர்."

"அப்ப போய்ச் சொல்லு."

"பயமாயிருக்கு டீச்சர்."

"பின்னை எனக்குப் பயமில்லையே?" என்றா கோபமாய். பிறகு சுளகை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, என்னைப் பாராமலே, "வழக்கு அண்டைக்குப் பிள்ளையை என்னட்டை விட்டிட்டுப் போ. எனக்கு அங்க வந்து அவனைப் பாக்கேலாது" என்றா.

அவவின் வாசலில் நின்றே சட்டத்தரணிக்கு அழைத்து, நான் நித்திரையில்லை என்றேன். குரல் நடுங்கியதில் அவருக்கு விளங்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.