தாண்டவராயனுக்கு எடுத்த ஸ்கேன்

கடப்பாக்கத்தில் மீன் விற்கும் வச்சலாவின் கணவர், படகில் மீன்பிடிக்கப் போகும் தாண்டவராயனுக்கு முதலில் கைதான் நடுங்கியது. பார்க்கின்சன் என்றார்கள். மாத்திரையோடு சில வருஷம் ஓடியது. பிறகு வீட்டில் இல்லாத ஆட்கள் அவர் கண்ணுக்குத் தெரிந்தார்கள். "அந்தப் பொம்பள ஈரத்துணியோட நிக்குது. அதுக்குச் சோறு போடுமே" என்பார்.

பைத்தியம் என்று முடிவுகட்டிய அவர் தம்பி செல்வராஜ் எங்கிருந்தோ பைத்தியத்துக்கான மாத்திரை வாங்கிவந்து கொடுத்தார். மறுநாளே தாண்டவராயன் மரக்கட்டையாக விறைத்துவிட்டார். எச்சில்கூட விழுங்க முடியவில்லை.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் பிரதீபா அந்த மாத்திரையை உடனே நிறுத்தினார். "மூளையில வெள்ளைப் பகுதின்னு இருக்கும்மா, சேதி கொண்டுபோற இழைங்க. அது எவ்ளோ கெட்டிருக்குன்னும் பாக்கணும், அங்க இருக்கிற ரசாயனத்தையும் பாக்கணும். ஆடாம படுக்கணும்."

ஸ்கேன் குழாய்க்குள் போனதுமே அவர் திமிறினார். நிறுத்தினார்கள். மறுபடியும் அதேதான்.

"இனிமே மயக்க ஊசிதான்" என்றார் ஸ்கேன் எடுக்கும் ஜெபகுமார். "இவர் இருக்கிற நிலைமையில அது ஆபத்து."

"நான் கூட நிக்கிறேன்" என்றார் வச்சலா.

"அப்போ உடம்புல நகை எதுவும் இருக்கக் கூடாது. தாலியும்தான்."

"வாணாம் அண்ணி" என்று செல்வராஜ் பதறினார். வச்சலா கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

இயந்திரம் இடிபோல் சத்தம் போட்டது. "போட்டு கவுந்துச்சு! மூச்சு முட்டுது!" என்று, படகில் இருப்பதாக நினைத்துத் தாண்டவராயன் அலறினார். படகு எதுவும் இல்லை என்று சொன்னால் இன்னும் மிரளுவார் என்று வச்சலாவுக்குத் தெரியும். அவர் கணுக்காலை இறுகப் பிடித்தார்.

"போட்ட நான் புடிச்சிகினு கீறேன்யா! நீ ஆடுனா ரெண்டு பேரும் முழுகிடுவோம். ஆடாத!"

கால் துடித்தது. மெல்லத் தளர்ந்தது. ஒரேயடியாக அசைவற்றுப் போனபோது, உயிர் இருக்கிறதா என்று வச்சலா பயந்தார். சத்தம் ஓய்ந்து படுக்கை வெளியே நகர்ந்தது. தாண்டவராயன் கண்ணைத் திறந்தார். வெளியே வந்து வச்சலா தாலியை வாங்கி மாட்டிக்கொண்டார்.

"இழைங்க நைஞ்சிருக்கு, ரசாயனமும் குறைஞ்சிருக்கு" என்றார் பிரதீபா. "நடுக்கம், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியறது எல்லாம் சேத்துப் பாத்தா, இது பார்க்கின்சனோட வர்ற மறதி நோய். பைத்தியமில்ல."

"கொணமாவுமா?"

"முழுசா ஆகாதும்மா. ஆனா தப்பான மாத்திரை இனிமே போகக் கூடாது." செல்வராஜ் தலை நிமிரவில்லை.

விறைப்பு விட்டது. புது மாத்திரையில் ஆட்கள் வருவது குறைந்தது. ஆனால் ஒருநாள் காலை கஞ்சி ஊட்டும்போது, தாண்டவராயன் மனைவியையே உற்றுப் பார்த்தார்.

"நீ யாரு?"

வச்சலா கரண்டியை இறக்கவில்லை.

"மீன்காரி. வாயத் தொற."

திறந்தார்.