புறாக் கூடையோடு வந்தவர்

தொண்ணூற்றெட்டோ தொண்ணூற்றொன்பதோ, வருடம் சரியாக நினைவில்லை. பெல்மதுளை டவுனில் என் ஹாட்வெயார் கடையில் நடந்தது. நான் நாலாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவன். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பிறந்து, கடைத்தெருவில் மூட்டை தூக்கி, சிங்களத்தைச் சந்தையிலேயே கற்றுக்கொண்டு, நாற்பது வயதுக்குள் சொந்தக் கடை போட்டவன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை என்ன செய்தது என்று சொல்லத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

எனக்குப் புறா வளர்ப்பதில் பைத்தியம். அழகுக்கு வளர்க்கிற புறா இல்லை. தூரத்தில் கொண்டுபோய் விட்டால் வீடு திரும்புகிற புறா. கடை மாடியில் பெரிய கூடு கட்டி வைத்திருந்தேன். எங்கள் பக்கத்தில் இப்படி வளர்க்கிறவர்கள் நாலைந்து பேர்தான். அதில் எனக்குச் சரியான போட்டி ஒரே ஆள். கஹவத்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். லயத்துக்குப் பின்னால் பழைய தகரத்தையும் பலகையையும் வைத்து அவர் கட்டிய கூட்டுப் புறாக்கள் என் புறாக்களை அடிக்கடி தோற்கடித்தன. அதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை.

"காத்து உன் பக்கம் அடிச்சிருக்கு" என்பேன்.

"ஆமாண்ணே, காத்துதான்" என்று சிரிப்பார்.

இரண்டு பேர் புறாக்களையும் ஒரே கூடையில் போட்டு, பஸ்ஸில் இரத்தினபுரி தாண்டிக் கொண்டுபோய் விடுவோம். வீட்டில் இருக்கிற மனைவிமார் புறா வந்த நேரத்தைப் பார்த்து வைப்பார்கள். யுத்த காலம். ஒருமுறை சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திய பொலிஸ்காரர் கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கள் அடையாள அட்டையையும் புறாவையும் மாறி மாறிப் பார்த்தார். இதில் யாருக்குக் கடிதம் அனுப்புகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. என்னோடு வந்த பால் வெட்டுகிறவர்தான் அமைதியாக, "அபே கெதரட்ட விதரய் யன்னே, மஹத்தயா" என்றார். எங்கள் வீட்டுக்கு மட்டும்தான் போகும் ஐயா என்று. பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். இந்தக் கதையை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சொன்னபோதெல்லாம், அந்தப் பதிலைச் சொன்னது நான் என்றே சொன்னேன்.

புறாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கொருவர் குஞ்சு கொடுப்போம். பறந்து பழகிய பெரிய புறாவைக் கொடுக்கமாட்டோம். கொடுத்தாலும் அது பழைய கூட்டுக்கே போய்விடும். அப்படியும் ஒருவர் தன் பந்தயப் புறாவைக் கொண்டுவந்து கொடுத்தால், இனி உன்னோடு போட்டி இல்லை, நீயே பெரியவன் என்று அர்த்தம்.

ஒரு மத்தியானம் அவர் கூடையோடு கடைக்கு வந்தார். உள்ளே அவருடைய நல்ல புறாக்கள் அத்தனையும் இருந்தன. திரும்பிப் பறந்துவிடாதபடி ஒவ்வொன்றின் இறக்கையையும் நூலால் கட்டியிருந்தார். ஓர் இறகு மடங்கவில்லை, அவ்வளவு பக்குவமான கட்டு. அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் கூடையைத்தான் பார்த்தேன்.

"என்னா தம்பி, கடைசியில தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டியா?" என்று கடையே கேட்கும்படி கேட்டேன். அங்கே பெயின்ட் வாங்க வந்தவர்களும் பைப் வாங்க வந்தவர்களும் நின்றார்கள். அவர்களுக்குத் தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை, இவர் யார், நான் எப்படி இவரை ஜெயித்தேன் என்று விளக்கினேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். குடித்துக்கொண்டே பைப் அடுக்கியிருந்த மூலையில் வெகுநேரம் சாய்ந்து நின்றார். நான் வியாபாரமும் பார்த்தேன், கதையும் அளந்தேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்தபோது அந்த இடத்தில் வெறும் கோப்பைதான் இருந்தது.

அந்த வாரமே செய்தி வந்தது. அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எப்படி, எதனால் என்று ஊர் என்னென்னவோ பேசியது. அதையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை.

சாவு வீட்டிலும் நான் வாயை மூடவில்லை. "அவரோட புறா பூரா எங்கிட்டதான் இருக்கு. வேற யாரையும் நம்பல, என்னைய நம்பித்தான் ஒப்படைச்சாரு" என்று வாசலில் நின்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அழுதபடிதான் சொன்னேன். ஆனாலும் சொன்னேன்.

வளர்ந்த புறா புதுக் கூட்டுக்குப் பழகப் பல மாதம் ஆகும். எனக்கா தெரியாது? ஆனால் அந்தப் புறாக்கள் என் மாடியிலிருந்து எழும்புவதை நாலு பேருக்குக் காட்ட ஆசை. ஒரு மாதம்கூடப் பொறுக்காமல் நூலை வெட்டிவிட்டேன். அவை ஒரு வட்டம் போட்டன. அவ்வளவுதான், நேரே கஹவத்தைப் பக்கம் போய்விட்டன.

வேனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். லயத்து வாசலில் அவர் மனைவி கூரையைப் பார்த்தபடி நின்றார். புறாக்கள் வரிசையாகத் தகரத்தின் மேல் உட்கார்ந்திருந்தன.

"வாங்கண்ணே. இப்பத்தான் வந்து உக்காந்துச்சுங்க. அவரு சீட்டியடிச்சாத்தான் கீழ எறங்கும். எனக்கு சீட்டியடிக்கத் தெரியாது."

நான் அடித்தேன். ஒன்றிரண்டு கழுத்தைச் சாய்த்துப் பார்த்தன. ஒன்றும் இறங்கவில்லை.

"உள்ள வாங்க" என்றார். வாசற்படியிலேயே நின்றேன். அவர் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, எழவு வீட்டுல நீங்க சொன்னது உள்ள எனக்கு கேட்டுச்சு. உங்கள நம்பித்தான் குடுத்தாருன்னு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாரு. உங்ககிட்ட என்னா சொன்னாரு?"

அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அந்தப் பெண் இத்தனை நாளும் காத்திருந்திருக்கிறார். நாளைக்குப் போவோம், நாளன்றைக்குப் போவோம் என்று பஸ் காசோடு என் கடைக்குக் கிளம்பி, துணிவில்லாமல் நின்றுவிட்டாராம். எனக்குப் பொய் சொல்வது பெரிய காரியமில்லை. உன்னைப் பற்றித்தான் பேசினார் தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை.

யோசித்துப் பார்த்தேன். அன்றைக்குக் கடையில் நான் பேசியது அத்தனையும் நினைவு இருந்தது. எந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள் என்பதுகூட நினைவு இருந்தது. தம்பி பேசியது என்ன என்று தேடினால் ஒன்றே ஒன்றுதான் வந்தது. கூடையை வைத்த கையோடு, மெதுவாகக் கேட்டது.

"நான்தான் பேசிக்கிட்டே இருந்தேன் தங்கச்சி. அவரு ஒண்ணுதான் கேட்டாரு. 'வேலையா இருக்கீங்களாண்ணே'ன்னு."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"என் கடையில என்னைக்கு வேல இல்லாம இருந்திச்சுன்னேன்."

முறுக்கிக்கொண்டிருந்த தலைப்பை அவர் விட்டார். பிறகு, "அப்ப யாருகிட்டயாச்சும் பேசணும்னு நெனச்சிருக்காரு" என்றார். என்னைத் திட்டவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். "எங்கிட்டயும் வந்து நின்னாருண்ணே. வேல முடிஞ்சிச்சான்னாரு. இன்னும் கெடக்குன்னு வெறகை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்."

அதற்குப் பிறகுதான் அழுதார். நானும் அந்த வாசற்படியில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த நேரங்களில் அதுதான் நீளமானது என்று நினைக்கிறேன். அவர் பேசினார். புருஷனைப் பற்றி, வீட்டைப் பற்றி, கடைசி மாதங்களில் புருஷன் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துபோனதைப் பற்றி. எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. அத்தனை வருடம் ஒரே பஸ்ஸில், ஒரே சீட்டில் போன ஆள்.

புறாக்களைப் பிடிக்காமலே திரும்பினேன். பிறகு மாதாமாதம் தீனி அனுப்பினேன். இதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், எழுதிவிட்டேன்.

அன்றைக்கு நான் கடையைவிட்டு வெளியே வந்து என்ன தம்பி என்று கேட்டிருந்தால் அவர் இருந்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. அது யாருக்கும் தெரியாது. நான் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

இப்போது யாராவது ஒன்றும் வாங்காமல் கடையில் வந்து நின்றால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுகிறேன். போட்டுவிட்டு நானே பேச ஆரம்பித்துவிடுகிற நாளும் உண்டு. அப்போது பாதியிலேயே வெட்கம் வந்து வாயை மூடிக்கொண்டு, எதிரே இருப்பவர் பேசுகிறவரைக்கும் காத்திருக்கிறேன்.