பால் மறந்த பிள்ளை

மற்றப் பெண்கள் மல்லிகைப்பூவைத் தலையில் வைத்தார்கள். என் தங்கச்சி சில மாதங்கள் அதை நெஞ்சில் கட்டிக்கொண்டு திரிந்தாள். பழைய சேலைத் துணியைக் கிழித்து, முற்றத்துப் பந்தலில் ஆய்ந்த பூவை அதற்குள் பரப்பி, சட்டைக்குள் வைத்து இறுக்கிக் கட்டுவாள். பிள்ளை பிறந்த பிறகு இடப்பக்க மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. "பால் கட்டியிருக்கு, வேறையொண்டுமில்லை. பூவை வைச்சுக் கட்டு, கரைஞ்சிடும்" என்று எங்கள் அம்மா சொன்னார். குருநகரில் எங்கள் ஒழுங்கையில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் அது. எல்லோருக்கும் கரைந்துமிருந்தது. அதனால் ஒருவருக்கும் பயம் வரவில்லை. கடலால் வந்து படி ஏறும்போதே அவளுடைய கணவர், "கலியாண வீடு மாதிரியெல்லோ மணக்குது" என்று பகிடி விடுவார். அவள் வெட்கப்பட்டுச் சிரிப்பாள். இன்றைக்கும் எங்காவது மல்லிகை மணந்தால் எனக்குக் கோபம் வருகிறது. பூவில் என்ன பிழை? ஆனாலும் வருகிறது.

நான் அவளுக்கு நிறைய மூத்தவள். கலியாணம் கட்டவில்லை. நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் கணக்குப் படிப்பிக்கிறேன். பிள்ளைகள் எனக்குப் பயப்படுவார்கள், அது எனக்கு வசதியாகவும் இருந்தது. தங்கச்சி எனக்கு நேரெதிர். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, கடற்றொழிலுக்குப் போகிற ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக்குப் பின்வளவிலேயே இரண்டறை போட்டுக் குடியிருந்தாள். சந்தோசப்படுவதற்கு அவளுக்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பின்னேரங்களில் பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்புகிற சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு படலைக்கு ஓடுவாள். வாங்குவது ஒரே ஒரு சீனி பணிஸ். அதற்கு முன் கண்ணாடிக் கதவைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு தட்டாகப் பிள்ளைக்குக் காட்டி, இது கேக், இது மீன் பணிஸ், இது ரோஸ் பாண் என்று பெயர் சொல்லிக்கொடுப்பாள். பாண்காரர் பொறுமைசாலி. பிள்ளை பணிஸின் மேலிருக்கும் சீனியை நக்கும். மிச்சம் முழுவதையும் தாய் தின்பாள். "பிள்ளைக்கு எண்டுதானே வாங்கினனீ?" என்று நான் முறைத்தால், "பிள்ளை பெத்ததே இதுக்குத்தானே அக்கா. இல்லாட்டி இந்த வயசிலை படலையிலை நிண்டு பணிஸ் திண்டால் சனம் சிரிக்காதே?" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மூன்று பேரும் ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி நல்லூர்ப் பக்கம் ஐஸ்கிறீம் குடிக்கப் போவார்கள். ஜெலி போட்ட ஐஸ்கிறீம்தான் அவளுக்கு வேண்டும். நண்டும் றாலும் மலிவாகப் படுகிற நாட்களில் பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ் காய்ச்சி, எல்லோரும் முற்றத்தில் வட்டமாக இருந்து குடிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பாள். நண்டுக்காலைப் பல்லால் உடைத்துச் சதையை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைப்பாள். பின்னேரச் செபமாலையின் ஐந்து காரணிக்கங்களில் இரண்டாவது தொடங்க முன்பே நித்திரையாகிவிடுவாள். பிள்ளை முழித்துக்கொண்டிருக்கும், தாய் சுவரில் சாய்ந்து வாயைத் திறந்தபடி தூங்குவாள். எனக்கு அப்போது இதெல்லாம் எரிச்சலாக இருந்தது. இவ்வளவு சிறிய சீவியத்தில் இவளுக்கு இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று நினைப்பேன். பொறாமை என்றும் சொல்லலாம்.

கட்டி கரையவில்லை. கல்லானது. பிள்ளையின் நிறை பார்க்கக் கிளினிக்குக்குப் போன இடத்தில் அங்கிருந்த மருத்துவமாது கண்டு, கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, அன்றைக்கே துண்டு எழுதித் தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே சொன்னதை நான்தான் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் சொன்னேன். நோய் பரவியிருந்தது. மருந்து ஏற்றத் தொடங்கினால் பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூடாது. தங்கச்சி முதலில் சொன்னதைக் கவனிக்கவேயில்லை. இரண்டாவதைக் கேட்டதும்தான் அழுதாள்.

பால் மறக்கப் பண்ணுவதற்கு எங்கள் பக்கத்தில் வேப்பிலையை அரைத்துப் பூசுவார்கள். அம்மா அரைத்துக் கொடுத்தார், அவள் பூசினாள். பிள்ளை வாயை வைத்தது, முகத்தைச் சுளித்தது, தன் சட்டை நுனியால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி வாயை வைத்தது. நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். தங்கச்சிதான் அதிகம் சிரித்தாள். வேறு வழியில்லாமல் பிள்ளையைத் தூக்கி என்னுடைய அறைக்குக் கொண்டுவந்தார்கள். பால் மறக்கும்வரை தாயின் மணம் படக்கூடாது, பெரியம்மாவோடு படுக்கட்டும் என்று ஏற்பாடு. ஒரு கிழமையில் முடிகிற காரியம். முதல் நாள் மத்தியானம் பிள்ளை என் நெஞ்சைத் தடவித் தேடிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் என் முகத்தைப் பார்த்தது. நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள்ளேயே நடந்தேன். வேறென்ன செய்வது?

பிள்ளை பாலை மறந்தது. ஆனால் திருப்பி அனுப்பவேண்டிய நேரத்தில் தங்கச்சி வாங்கிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் பைப்படியில் தண்ணீர் பிடிக்க வந்த ஒரு மனுசி. கெட்ட மனுசி என்றும் சொல்லமுடியாது. வாளி நிறையும்வரை சும்மா நிற்கமாட்டாமல் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்: "உந்தப் பிள்ளை தாயை உறிஞ்சிப்போட்டுது. இனி அது தாயில்லாப் பிள்ளைதானே, பாவம்." வேலிக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டு நின்ற தங்கச்சிக்கு அது முழுவதும் கேட்டது.

அன்றைக்கு அவள் என்னைக் கூப்பிட்டுக் கட்டிலில் இருத்தினாள். தலைமயிர் கொட்டத் தொடங்கியிருந்தது. துவாயைச் சுற்றியிருந்தாள். "அக்கா, பாலை மறக்கப் பண்ணினமாதிரி என்னையும் மறக்கப் பண்ணிப்போடுவம்" என்றாள். எனக்கு விளங்கவில்லை. "அவளுக்கு இன்னும் ரெண்டு வயசாகேல்லை. இப்ப மாத்தினால் ஒண்டும் நினைவிலை நிக்காது. நீ அவளுக்கு அம்மாவா இரு. நான் சின்னம்மாவா இருந்திட்டுப் போறன். என்ரை பிள்ளையை ஒருத்தரும் பாவம் எண்டு சொல்லக்கூடாது. தான்தான் என்னைத் திண்டது எண்டு அவள் ஒரு நாளும் கேக்கக்கூடாது." நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அவளுடைய கணவர் கேள்விப்பட்டு, "விசர்க் கதை கதையாதை" என்று சத்தம் போட்டார். அவர் அவளோடு சத்தமாகக் கதைத்ததை நான் கேட்டது அந்த ஒரு முறைதான். பிறகு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போனவர் ஒழுங்கை முடிவில் நின்று கண்ணைத் துடைத்ததை நான் படலையிலிருந்து பார்த்தேன்.

நாங்கள் சம்மதித்தோமா என்று கேட்டால், இல்லை. அவள் எங்கள் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த நாளே தொடங்கிவிட்டாள். "சின்னம்மாட்டை வாங்கோ குஞ்சு, சின்னம்மா சோறு தீத்திவிடுறன்" என்று தன் வாயாலேயே சொன்னாள். என்னைக் காட்டி, "அம்மா எங்கை? அந்தா அம்மா" என்றாள். குழந்தை ஒரு சொல்லைக் கற்றுக்கொள்வதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? பாண் ஓட்டோ வந்தால் பிள்ளையை என் இடுப்பில் ஏற்றி அனுப்புவாள். "எல்லாத் தட்டையும் காட்டு அக்கா, அவசரப்படாதை. சீனியை நக்க விடு, கையைத் துடைக்காதை" என்று யன்னலுக்குள்ளிருந்து சொல்வாள். ஐஸ்கிறீம் குடிக்கவும் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். திரும்பி வந்ததும் என்ன நிறம், எவ்வளவு குடித்தாள், சட்டையில் ஊத்தினாளா என்று ஒன்றுவிடாமல் கேட்பாள். கேட்டு முடிய மறுபக்கம் திரும்பிப் படுப்பாள். தன்னுடைய சின்னச் சின்னச் சந்தோசங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் தந்துகொண்டிருந்தாள். எனக்கு அவற்றை வாங்கிக்கொள்ளவும் மனமில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வாயில்லை.

ஒரு பின்னேரம் முற்றத்தில் காயப்போட்டிருந்த வலையில் கால் சிக்கிப் பிள்ளை விழுந்தது. முழங்கால் உரிந்து ரத்தம். தங்கச்சி பக்கத்தில் கதிரையில் இருந்தாள், நான் தள்ளிக் கிணற்றடியில் நின்றேன். பதறிப்போனதில் அவளுக்குத் தான் போட்ட சட்டமெல்லாம் மறந்துவிட்டது. இரண்டு கையையும் நீட்டி, "ஐயோ என்ரை குஞ்சு, ஓடி வா, அம்மாட்டை வா" என்று கத்தினாள். பிள்ளை எழும்பி, அழுதுகொண்டு, அவளைத் தாண்டி என்னிடம் ஓடி வந்தது. வந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நோகுது" என்றது. தங்கச்சியின் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தன. பிறகு மடித்து மடியில் வைத்தாள். "பாத்தியே அக்கா, நல்லாப் பழகிட்டாள்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் யாருக்கும் விவரித்ததில்லை. இப்போதும் முடியவில்லை.

மாரி தொடங்க முதல் அவள் போய்விட்டாள். செத்தவீட்டன்று பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டு நான் தூக்கி வைத்திருந்தேன். பெட்டி போகும் நேரம் பாண் ஓட்டோ ஒழுங்கைக்குத் திரும்பியது. வெள்ளைக் கொடிகளைக் கண்டு பாண்காரர் பாட்டை நிறுத்திவிட்டு, இறங்கித் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பிள்ளை என் தோளிலிருந்து கையை நீட்டி, "பணிஸ்" என்றது. அதுவரை அழாமல் இருந்த அவளுடைய கணவர் அந்த ஒரு சொல்லுக்கு மதிலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு ரகசியமும் ஒரு நாள் தங்காது. ஆனால் இது தங்கியிருக்கிறது. பைப்படியில் அன்றைக்குக் கதைத்த அந்த மனுசிகூட என்னைக் கண்டால், "மகள் எப்பிடி இருக்கிறா டீச்சர்?" என்றுதான் கேட்பாள். என்னையும் தங்கச்சியின் கணவரையும் கட்டிவைத்தால் என்ன என்று இரண்டு மூன்று பேர் கதை தொடங்கினார்கள். அவர், "அவளை நான் இன்னும் விடேல்லை" என்று சொன்ன பிறகு ஒருவரும் அதை எடுக்கவில்லை. அவர் பின்வளவில், நாங்கள் முன்வீட்டில். பிள்ளைக்கு அப்பா ஒரு வீட்டில், அம்மா ஒரு வீட்டில் இருப்பது இன்னும் புதினமாகத் தெரியவில்லை. முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள், கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டாள். ஒரு நாள் இவளுக்குச் சொல்லத்தான் வேண்டும் என்று நான் சொல்லுவேன். "கேட்டது அவள், அக்கா" என்பார் அவர். இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கிறது.

போன நவம்பரில் மரித்தோர் நாளுக்கு மூவரும் சேமக்காலைக்குப் போனோம். மழை விட்டிருந்தது, கடற்காற்று விடவில்லை. அவர் கல்லறையைச் சுற்றிப் புல்லுப் பிடுங்கினார். சிலுவையில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. தாய் என்று போடக்கூடாது என்றும் அவள் சொல்லித்தான் போயிருந்தாள். மகள் மெழுகுதிரியைக் கொளுத்தி, "சின்னம்மாவுக்கு" என்று சொல்லி நட்டாள். பக்கத்துக் கல்லறைகளில் பிள்ளைகள் கூட்டமாக நின்று தங்கள் தாய் தகப்பனுக்குக் கொளுத்துவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, சின்னம்மாவுக்குப் பிள்ளையள் இல்லையே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லுத்தான். சிலுவையில் தங்கச்சியின் பெயரைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

"இருக்கு, குஞ்சு. ஒரு பொம்பிளைப் பிள்ளை."

புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த கை நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப ஏன் அந்தப் பிள்ளை மெழுகுதிரி கொளுத்த வரேல்லை?"

"இது தன்ரை அம்மா எண்டு அந்தப் பிள்ளைக்குத் தெரியாது."

மகள் யோசித்தாள். நெற்றியைச் சுருக்கி யோசிக்கும்போது அவள் அப்படியே தங்கச்சிதான். "தன்ரை அம்மாவையே தெரியாதே? அது சரியான பாவம் என்ன" என்றாள். பிறகு பையைத் திறந்து இன்னொரு மெழுகுதிரி எடுத்தாள். "அந்தப் பிள்ளைக்காக நான் ஒண்டு கொளுத்திவிடட்டே?"

அவளுடைய அப்பா எழும்பி வந்து காற்றுக்கு மறைப்பாகக் குந்தினார். அவள் கொளுத்தினாள்.