முயல் வெனெராந்தோவும் குரைக்காத நாயும்

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. வெனெராந்தோவுக்கு வாய்த்த பெயர் முயல். இடி, ஊசி, கடல், கிணறு எதைக் கண்டாலும் பயம். எரிமலை லேசாக உறுமினால் முதலில் தெருவுக்கு ஓடி வருவது அவன்தான். ரொசாரியாவைக் கட்டிக்கொள்ள ஆசை இருந்தும் கேட்கப் பயந்து இரண்டு வருஷம் மென்று விழுங்கினான். கடைசியில் அவளே பொறுமை இழந்து கேட்டுவிட்டாள்.

பிஸ்தா தோட்டத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமை முயல் வேட்டை. இதுதான் அவன் பிழைப்பு.

"முயலு திருப்பிக் கடிக்காதுல்ல, அதான் தைரியமாப் போறான்" என்பான் சவரக்கடை கொர்ராதோ, அவன் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே.

அவன் நாய் கன்னெல்லா, சிர்னேக்கோ ஜாதி. ஆயிரக்கணக்கான வருஷமாக இந்த மலையடியிலேயே கிடக்கும் ஜாதி அது. பழங்காலத்துக் காசுகளில்கூட இப்படிக் காது நிமிர்ந்த நாய் உண்டு. ஒல்லி உடம்பு, இலவங்கப்பட்டை நிறம். கொதிக்கும் கரும்பாறைமேல் தண்ணீரில்லாமல் அரைநாள் ஓடும். வேட்டையில் குரைக்காது. உயிருள்ளது ஒளிந்திருக்கும் பொந்தின் முன்னால் ஒரு காலைத் தூக்கி அப்படியே நின்றுவிடும். செத்ததை ஏறெடுத்தும் பார்க்காமல் தாண்டிப் போய்விடும்.

இந்தக் கடைசிக் குணம்தான் அந்த நவம்பர் மாதம் அவனைப் பாடாய்ப் படுத்தியது.

காலையில் கரும்பாறைப் பக்கம் கீரை பறிக்கப் போன ரொசாரியா மத்தியானம் ஆகியும் வரவில்லை. அவள் கூடை மட்டும் ஒரு பாறைமேல் இருந்தது. எரிமலைக் குழம்பு உறைந்த நிலம் அது. மேலே கல், உள்ளே வெறும் குகை. எங்கே கால் வைத்தால் இடிந்து விழும் என்று யாருக்கும் தெரியாது. ஊர் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் கத்திக்கொண்டு போனார்கள். வெனெராந்தோ நாயை அவிழ்த்தான். கைப்பழக்கத்தில் ஃபெரட் பெட்டியையும் தோளில் மாட்டிக்கொண்டான். ஃபெரட் என்பது கீரி போல ஒல்லியான பிராணி. வாயைக் கட்டி, கழுத்தில் மணி கட்டிப் பொந்துக்குள் விட்டால் முயலை வெளியே விரட்டும்.

கன்னெல்லா ஒவ்வொரு குழியாக மோந்து, ஒவ்வொன்றையும் தாண்டிப் போனது. அவள் இங்கே இல்லாததால் தாண்டுகிறதா, இருந்தும் தாண்டுகிறதா? இதை யாரிடம் கேட்பான்? நாயின் காலைப் பார்க்கவே பயந்தான்.

ஒரு கையகல வெடிப்பின் முன்னால் நாய் காலைத் தூக்கி நின்றது.

அவன் குனிந்து பேர் சொல்லிக் கூப்பிட்டான். பதில் இல்லை, காற்றுச் சத்தம் மட்டும்தான். முயல்தான் என்று முடிவுகட்டினான். "இன்னைக்கு முயலுக்கா வந்தோம், சனியனே" என்று கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். பட்டையை விட்டதும் நாய் திரும்பிப் போய் அதே இடத்தில், அதே காலைத் தூக்கி நின்றது. அதுவரை அது அவன் பேச்சை மீறியதில்லை.

பெட்டியைத் திறந்து ஃபெரட்டை உள்ளே விட்டான். மணிச் சத்தம் இறங்கி, தேய்ந்து, நின்றுபோனது. பாறையில் காதை வைத்துப் படுத்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு மணி அடித்தது. மூன்று முறை. நின்றது. மறுபடி மூன்று முறை.

எந்த ஃபெரட்டும் எண்ணி மணியடிக்காது. வீட்டில் சமையலறை ஜன்னலில் இதே போல் ஒரு பழைய மணி தொங்குகிறது. தட்டில் சாப்பாடு வைத்ததும் ரொசாரியா அதை மூன்று முறை ஆட்டுவாள், தோட்டத்திலிருந்து அவன் வருவதற்காக.

அவன் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். இருபதடி தள்ளி முட்புதருக்குள் அவள் விழுந்த குழியின் வாய் இருந்தது. குனிந்து பார்த்தால் ஒரே இருட்டு. கால் உடைந்து, கத்திக் கத்திக் குரலும் போய், வெடிப்பு வழியே வெளிச்சம் தெரிந்த பக்கமாக அவள் உள்ளே ஊர்ந்து போயிருக்கவேண்டும். கயிறு வந்தது. கொர்ராதோ சட்டையைக் கழற்றிக்கொண்டே, தான் இறங்குவதாகச் சொன்னான்.

வெனெராந்தோ அதற்குள் கயிற்றைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தான். குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டான்.

"பயமா இருக்குடா, சீக்கிரம் எறக்கு" என்றான்.