கண்ணீர் இல்லாத அஞ்சலி

நவீனக் கவிதை புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, எம்.ஏ. முதல் பருவம் முழுக்கத் தலையாட்டியே ஓட்டினேன். தமிழ் படிக்க வந்தவளுக்குத் தமிழில் எழுதியது புரியவில்லை என்றால் அதைப் போய் யாரிடம் சொல்வது? எங்கள் ஊர் சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் இருக்கிறது. தினமும் இரண்டு பஸ் மாறிச் சேலத்துக்குக் கல்லூரி போவேன். பள்ளிக்கூடத்தில் நான் பெரிய கவிஞர். கவிதைப் போட்டி என்று எங்கே அறிவித்தாலும் என் பெயரை ஆசிரியர்களே கொடுத்துவிடுவார்கள். மேடையேறி மண்ணுக்குக் கண், அன்னைக்கு முன்னை என்று அடுக்கினால் எவர்சில்வர் தட்டு நிச்சயம். எங்கள் வீட்டு அலமாரியில் பாதிப் பாத்திரம் என் எதுகையில் வந்ததுதான்.

எங்களுக்கு நவீன இலக்கியம் எடுத்த பேராசிரியை மெல்லப் பேசுகிறவர். முதல் நாள் நாலு வரிக் கவிதை ஒன்றைப் படித்தார். நனைந்த குடையை யாரோ மூலையில் சாத்தி வைக்கிறார்கள், தரையில் தண்ணீர் வடிகிறது, அவ்வளவுதான். வகுப்பே மூச்சுவிடாமல் இருந்தது. நான் மீதிக் கவிதைக்காகப் பக்கத்தைத் திருப்பினேன். அங்கே வேறு கவிதை இருந்தது.

பிறகொரு நாள் அவரவர் எழுதியதை வாசிக்கச் சொன்னார். நான் எழுந்து மேடையில் பழகிய குரலில் தாய்மொழியைப் பற்றி முழங்கினேன். முடித்ததும், “நல்லா சத்தமா இருக்கும்மா” என்றார். கேலியாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பாவம் பார்த்துச் சொன்னார். பின் பெஞ்சில் எவனோ சிரித்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக நானும் கொஞ்ச காலம் நவீனக் கவிஞர்களைத் திட்டித் தீர்த்தேன். உரைநடை அதைவிட மோசம். பக்கம் பக்கமாகப் போகிறது, கதாநாயகன் இன்னும் பல் தேய்த்து முடிக்கவில்லை. இவர்களுக்கெல்லாம் வேலைவெட்டி இல்லையா என்று தோன்றும். ஆனால் பிடிவாதக்காரி நான். புரியாத ஒன்று என்னைப் பார்த்துச் சிரிப்பதைத் தாங்க முடியாமல் நூலகத்தில் எடுத்து எடுத்துப் படித்தேன்.

ஒரு நாள் பஸ்ஸில் அது நடந்தது. யாரையோ எதிர்பார்த்து ரயில் நிலையத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிற கதை. வண்டி வருகிறது, போகிறது. அவர் கைக்குட்டையை மடிக்கிறார், பிரிக்கிறார், மறுபடி மடிக்கிறார். வரவேண்டியவர் வரவில்லை என்றுகூட எழுதியிருக்கவில்லை. மகுடஞ்சாவடி தாண்டும்போது எனக்குக் கண்ணீர் கொட்டியது. பக்கத்து சீட்டு அம்மா, “ஏஞ்சாமி, ஒடம்புக்குச் செரியில்லீங்களா?” என்று கேட்டார். அழு என்று எங்கேயும் சொல்லாமல் ஒருவர் என்னை அழவைத்துவிட்டார் என்று அவருக்கு எப்படிச் சொல்வது? தூசிங்க என்றேன்.

அதற்கப்புறம் என்னைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஆச்சரியக்குறியைப் பார்த்தாலே முகம் சுளித்தேன். வீட்டில் டிவியில் யாராவது ஓவென்று அழுதால் எழுந்து போய்விடுவேன். எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் காது குத்தினாலும், பெண் பெரியவளானாலும், கல்யாணமானாலும் ஃப்ளெக்ஸ். செத்தாலும் ஃப்ளெக்ஸ்தான். கண்ணீர் அஞ்சலி என்று பெரிதாகப் போட்டு, கும்பிடும் கை, சொட்டும் கண், கீழே இதயம் நொறுங்கும் பாட்டு. அதைப் பஸ் ஜன்னல் வழியாகத் தோழிக்கு வாசித்துக் காட்டி, “இதைப் படிச்சா செத்தவருக்கே கொட்டாவி வரும்” என்பேன். அவளும் விழுந்து விழுந்து சிரிப்பாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். எனக்கு வாயோடு நிற்கவில்லை, கையாலும் கெட்டேன்.

போன வருஷம் என் சித்தப்பா செத்துப்போனார். அப்பாவின் தம்பி. ரிக் வண்டியில், அதாவது ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டியில், டிரில்லராக இருந்தார். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் அப்படித்தான். வண்டி வடக்கே போனால் மழைக்காலத்துக்குத்தான் திரும்பும். சத்தீஸ்கரில் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே நெஞ்சுவலி வந்து விழுந்துவிட்டார். உடல் ஆம்புலன்ஸில் கிளம்பியிருந்தது. அது ஊர் சேர்வதற்குள் பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அண்ணன்காரனுக்குத் தம்பிமேல் பாசமில்லை என்று ஆகிவிடும்.

அப்பா அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்தார். “கடக்காரர் வெச்சிருக்கற பாட்டு வேண்டாஞ்சாமி. எல்லாத்துக்கும் அதையேதான் போடறாரு. நீ தமிழ் படிக்கறவ. உஞ்சித்தப்பனுக்கு நாலு வரி எழுதிக் குடு” என்றார்.

எனக்குச் சித்தப்பாவைப் பிடிக்கும். அழுதுகொண்டேதான் உட்கார்ந்தேன். ஆனால் பேனாவை எடுத்ததும் அழுகை நின்றுவிட்டது. மனசு வேறு வேலைக்குப் போய்விட்டது. எது காட்சி, எது சுருக்கம், எதைச் சொல்லாமல் விட வேண்டும் என்று தேடியது. அப்போதுதான் பழைய ஞாபகம் ஒன்று அகப்பட்டது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சித்தப்பா வீட்டு வாசலில் அவர் மகளுக்கு விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது பேச்சு வந்து கொஞ்ச காலம்தான். நெடுநாள் கழித்து அவர் பையோடு வந்து நின்றார். குழந்தைக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அதை அப்படியே எடுத்துப் போட்டேன்:

வடக்கே எத்தனையோ ஊர்களுக்குத்
தண்ணீர் கண்டு தந்தார்.
ஒரு மழைக்காலம் வீடு திரும்பியபோது
வாசலில் நின்ற மகள்
உள்ளே பார்த்துச் சொன்னாள்:
யாரோ வந்திருக்காங்கம்மா.

ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போன் செய்து, “மீதிப் பாட்டு எப்பங்க அனுப்புவீங்க?” என்றார். அவ்வளவுதான் என்றேன். “கண்ணீரே இல்லீங்களே” என்றார். கண்ணீர் வேண்டாம் என்றேன், கொஞ்சம் திமிராகவே. அப்பாவுக்கு வாசித்துப் பார்க்கவும் நேரமில்லை. அவர் ஆம்புலன்ஸ் டிரைவரோடு போனில் இருந்தார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஃப்ளெக்ஸைப் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அன்றைக்கு அது என் கண்ணில் படவில்லை. மாலை போட வந்த தோழி அதைப் போட்டோ எடுத்து வகுப்புக் குழுவில் போட்டிருந்தாள். பாராட்டு வந்துகொண்டே இருந்தது. பேராசிரியை “அசல் கவிதை” என்று எழுதியிருந்தார். உள்ளே சித்தப்பாவைக் கிடத்தியிருக்கிறது, நான் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்ப் போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

காரியம் முடியும்வரை நான் சின்னம்மாவோடு அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். சின்னம்மா வாசல் தாண்டக் கூடாது என்பதால் ஃப்ளெக்ஸைப் பார்க்கவில்லை. என் தங்கச்சி, சித்தப்பாவின் ஒரே மகள், எட்டாவது படிக்கிறாள். அவளும் முதல் சில நாள் வெளியே வரவில்லை. பரீட்சை வந்ததால் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். ஸ்கூல் வேன் நிற்கிற இடமே அந்த ஃப்ளெக்ஸின் அடிதான்.

சாயங்காலம் வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நேராக அம்மாவிடம் போய், “அம்மா, நான் அப்பாவத் தெரியலன்னு சொன்னனா?” என்று கேட்டாள்.

“ஆரு கண்ணு சொன்னா?”

“போர்டுல போட்டிருக்குது. வேன்ல எல்லாரும் கேக்கறாங்க. உங்கப்பாவையே உனக்குத் தெரியாதாமான்னு கேக்கறாங்க.”

சின்னம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் என்னைப் பார்த்தார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது வாதாடியிருப்பேன். “அவரு என்றகிட்டச் சத்தியம் வாங்குனாரு. பாப்பாகிட்ட எப்பவும் சொல்லீராத, பெருசானா சங்கடப்படும்னாரு. இத்தன வருசம் நான் வாயத் தொறக்கல. உனக்கு எழுத வேற ஒண்ணுமே கெடைக்கலயா சாமி?” என்றார்.

அந்த ‘சாமி’யைக் கேட்டதும் எனக்குச் செத்துப்போகலாம் போல இருந்தது.

தங்கச்சி அழாமல் சுவரோரம் நின்றிருந்தாள். அப்பாவை வருஷத்தில் கொஞ்ச நாள் மட்டும் பார்த்து வளர்ந்த பெண். அந்தக் கொஞ்ச நாளையும் தன் வாயால் தள்ளிவிட்டதாக, அவர் போன பிறகு, அவர் படத்துக்குக் கீழேயே படித்திருக்கிறாள். எனக்குக் காட்சியாகத் தெரிந்தது அவளுக்குக் குற்றச்சாட்டாகப் போய்ச் சேர்ந்திருந்தது. அது என் புத்திக்கு எட்டவே இல்லை. அத்தனை புத்தகம் படித்த புத்தி.

ஓடிப்போய் அப்பாவிடம், ஃப்ளெக்ஸைக் கழற்றிவிடலாம் என்றேன். அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். “காரியத்துக்கு முன்னால கழட்டுனா பங்காளிகளுக்குள்ள சண்டைன்னு ஊரே பேசும். சொத்துக்கு அடிச்சுக்கறாங்கன்னு சொல்லுவாங்க. அப்பறம் உஞ்சின்னம்மாளுக்கு இன்னொரு கேவலம்” என்றார். அதுவும் உண்மை. எங்கள் ஊரில் அஞ்சலி ஃப்ளெக்ஸ் காரியம்வரை நின்றாக வேண்டும். மழையில் சாய்ந்தால்கூட நிமிர்த்திக் கட்டுவார்கள்.

கடைக்காரர்தான் வழி சொன்னார். “பாட்டுக்கு மேல ஸ்டிக்கர் ஒட்டிரலாங்க. நம்முட்ட இருக்கறதையே போட்டுட்டுங்களா?” என்றார். வேண்டாம், நானே எழுதுகிறேன் என்றேன். கடை ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினேன்.

இமையாக இருந்தெம்மைக் காத்தாயே!
இடிபோலத் துயர்தந்து போனாயே!
ஊற்றாகத் தண்ணீரைத் தந்தாயே!
காற்றாகக் கரைந்தெங்கே சென்றாயே!

நிறுத்தாமல் வந்தது. கை எதையும் மறக்கவில்லை. கடைக்காரர், “இதுங்க பாட்டு” என்று சந்தோஷப்பட்டுச் சொட்டும் கண் படத்தையும் தானாகவே சேர்த்தார். வீட்டில் அப்பா அதை உரக்கப் படிக்க, சின்னம்மா அத்தனை நாள் அடக்கியதையெல்லாம் அழுதார். ‘தந்தாயே’வுக்கு அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து அழுதார்கள். நான் ஏளனம் செய்த அந்தச் சத்தத்துக்குள் ஒரு சின்னப் பெண் ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. முதலில் எழுதியதுதான் நல்ல கவிதை என்று அப்போதும் எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. அதற்காகவும் வெட்கப்பட்டேன்.

காரியம் முடிந்த சாயங்காலம் வாடகை நாற்காலிகளை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தேன். தங்கச்சி வந்து கூடவே அடுக்கினாள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

“அக்கா, நான் அப்புடிச் சொன்னதும் அப்பா என்ன பண்ணுனாரு?”

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

“அம்மா அடுப்படியில இருந்தாங்களாமா. வெளிய வரும்போது அப்பா கை கால் கழுவப் போயிட்டாராமா. நீங்க மட்டுந்தான் பாத்தீங்களாமா. சிரிச்சாரா? என்னத் தூக்குனாரா?”

யோசித்தேன். உண்மையாகவே முழு மனசோடு யோசித்தேன். அவள் போட்டிருந்த கவுன் ஞாபகம் வந்தது. அவர் பையில் அப்பியிருந்த மண் தெரிந்தது. அவள் உள்ளே திரும்பியதும், குரலும், அந்த வாக்கியமும் அப்படியே இருந்தன. அவர் முகம் மட்டும் எங்கேயும் இல்லை. எழுதும்போதும் நான் அதைத் தேடவில்லை. வாக்கியம் கிடைத்ததுமே எனக்குப் போதுமாகிவிட்டது. இப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம். உன்னைத் தூக்கி உச்சி மோந்தார் என்றால் நம்பியிருப்பாள். அவள் காத்துக்கொண்டிருந்த முகத்தைப் பார்த்ததும் புளுக நா வரவில்லை.

“தெரியல சாமி. நான் அவரப் பாக்கல” என்றேன்.

“அங்கயேதான இருந்தீங்க?”

“இருந்தேன்.”

கேட்பதற்கு வேறு ஆள் இல்லை என்று அவளுக்கும் தெரிந்திருக்கும். பிறகு என் கையிலிருந்த நாற்காலியை வாங்கி அடுக்கின்மேல் வைத்தாள்.

“செரி, உடுங்கக்கா. அழுகாதீங்க” என்றாள்.