தோலுக்கு வந்த உத்தரவு

தோல் உரிவது தொற்றிக்கொள்ளும் என்றுதான் முதலில் நம்பினேன். நம்பியதோடு நிற்கவில்லை. எங்கள் ஷிப்ட் இன்சார்ஜை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வடக்குப்பட்டு வீட்டுக்கு வந்ததும், போட்டிருந்த கம்பெனிச் சட்டையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தினேன். மறுநாள் ஸ்டோரில் வேறு சட்டை கேட்டபோது, பழையதை எலி கடித்துவிட்டது என்றேன். முழுச் சட்டையையும் எந்த எலி தின்னும் என்று ஸ்டோர்காரர் கேட்கவில்லை. அவருக்கும் அதே பயம். புதுச் சட்டையைக் கையில் கொடுக்காமல், மேஜையின் அந்த முனையிலிருந்து ஸ்கேலால் தள்ளிவிட்டார்.

ஒரகடம் பக்கத்தில் இரும்புத் தகட்டை அழுத்திக் கார் பாகங்கள் அடிக்கும் பிரஸ் ஷாப் எங்களுடையது. இன்சார்ஜ் வேலையில் கெட்டிக்காரர், வாயில் அதைவிட. நான் மிஷினுக்கு ஓரடி தள்ளி நிற்கிற ஆள். அதைப் பார்த்து, "நீ பிரஸ்ஸுக்கு பயப்படலய்யா. இவன வச்சிகினு இன்னா பண்றதுன்னு பிரஸ்தான் உனக்கு பயப்படுது" என்பார். ஒருமுறை கான்ட்ராக்ட் ஆபரேட்டர் ஒருவன் கேன்டீனில் வலிப்பு வந்து சாம்பார் சாதத்தில் முகம் குப்புற விழுந்தான். அவனை அன்றைக்கே கேட்டுக்கு வெளியே அனுப்பிவைத்தவர் இன்சார்ஜ்தான். வலிப்பு உள்ளவன் பிரஸ்ஸில் நிற்கக்கூடாது என்பது நியாயமான விதி. ஆனால் அவர் அதைச் சொன்ன விதம் வேறு. "கை துண்டாவுறதுக்கு முன்னாடி ஆள் துண்டாவட்டும்" என்றார். ஷிப்டே சிரித்தது. நானும் நன்றாகத்தான் சிரித்தேன். அந்தப் பையன் வாயோரம் ஒட்டியிருந்த பருக்கையைத் துடைத்துக்கொண்டே போனான்.

அடுத்த வருஷம் இன்சார்ஜுக்குக் காய்ச்சல் வந்தது. கண் சிவந்து, உதடு தடித்து, நெஞ்சில் செம்புள்ளிகள் கிளம்பின. அந்த வாரம்தான் தகட்டு எண்ணெயைத் துடைக்கப் புதுக் கெமிக்கல் வந்திறங்கியிருந்தது. மூக்கை அறுக்கிற வாடை. ஷாப்பில் எல்லோருக்கும் காரணம் உடனே புரிந்துவிட்டது, கெமிக்கல்தான். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனார். கட்டிலிலிருந்து எழுப்ப நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்தார். கை வரவில்லை, தோல் மட்டும் வந்தது. வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலைப் போல. நான் கதவருகே நின்றிருந்தேன். ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்திருக்க வேண்டிய தூரம். ஓடினேன், எதிர்ப்பக்கமாக.

அதற்குப் பிறகு என் உடம்பைப் பரிசோதிப்பதே எனக்கு முழுநேர வேலையாகிவிட்டது. குதிகால் வெடிப்பில் தோல் உரிந்தால் அது ஆரம்பம். டீ சுட்டு நாக்கு எரிந்தால் அதுவும் ஆரம்பம். ஒரு காலையில் உதட்டோரம் வெள்ளையாக ஏதோ கிளம்பியிருக்கிறது என்று அலறியபடி அடுப்படிக்குப் போனேன். என் மனைவி பார்த்துவிட்டு, "பேஸ்ட்ட கழுவினு வா" என்றாள். இந்தப் பக்கம் நான் இப்படிக் கண்ணாடியும் கையுமாக இருக்க, அந்தப் பக்கம் இன்சார்ஜை ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியிலிருந்து சென்னையில் உள்ள தீக்காய வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். வாழையிலை விரித்து அதன்மேல் படுக்கவைத்திருந்தார்கள். துணி பட்டால் தோல் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

கம்பெனியின் பர்சனல் ஆபீசரோடு துணைக்கு என்னை அனுப்பினார்கள். அங்கிருந்த தோல் டாக்டர் சின்ன வயசுப் பெண். இது தீக்காயமும் இல்லை, தொற்றுகிற வியாதியும் இல்லை என்றார். உடம்பின் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சவ்வு இருக்கிறதாம். அதன் வெளிப்பக்கத்தில் காலிங் பெல் மாதிரி சில ஏற்பிகள். அதில் ஒரு ஏற்பி சாவுக்கானது. உரிய ஆள் வந்து அதை அழுத்தினால், செல் தன்னைத்தானே ஒழுங்காகப் பிரித்துப் போட்டுக்கொண்டு செத்துப்போகும். சவ்வில் உள்பக்கம் இருக்கவேண்டிய கொழுப்பு வெளியே திரும்பி, என்னைத் தின்னலாம் என்று அடையாளம் காட்டும். பக்கத்துச் செல்கள் சத்தமில்லாமல் தின்றுவிடும். கருவில் விரலுக்கு விரல் நடுவே இருக்கும் சவ்வு மறைவதுகூட இப்படிச் செல்கள் சாவதால்தானாம். சாவு இல்லாவிட்டால் நமக்கு வாத்துக் கால்தான்.

"இவருக்கு ஏதோ ஒரு மருந்து ஒத்துக்கல. அது போய் செல்லோட வெளிப்பக்கத்துல உக்காந்துடுச்சு. உடம்போட காவல்காரங்க அதைப் பார்த்து, தோல் மொத்தமும் வேத்தாள்னு நினைச்சுட்டாங்க. எல்லா பெல்லையும் ஒரே நேரத்துல அழுத்திட்டு இருக்காங்க. என்ன மருந்துன்னு தெரிஞ்சாதான் நிறுத்த முடியும்."

இன்சார்ஜின் மனைவி பக்கத்திலேயே நின்றிருந்தார். காய்ச்சல் மாத்திரை மட்டும்தான், அதுவும் உடம்புக்கு வந்த பிறகுதான் போட்டார் என்றார். டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். வேறு இல்லை. ஆபீசருக்கு ஒரே ஒரு சந்தேகம்தான், அப்படியானால் கெமிக்கல் இல்லைதானே என்று. இல்லை என்றதும், தேர்வில் பாஸான முகத்தோடு போனைக் காதில் வைத்தபடி வராந்தாவுக்குப் போனார். எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. சலூனில் தலைக்கு வைக்கிற வைப்ரேட்டர் தெரியாத்தனமாக அந்தப் பெல்லை அழுத்திவிடுமா என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. "சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து, வெளியே குழாயடியில் இன்சார்ஜின் மனைவி டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்கு வாயெல்லாம் புண், கஞ்சித் தண்ணி மட்டும்தான் இறங்குகிறது என்றார். ஆபீசர் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டார்.

"அண்ணா, அந்த டாக்டரம்மா சொல்ற மருந்துல வலிப்பு மாத்திரையும் சேருமா?"

யாருக்கு வலிப்பு என்றேன். கேட்டு முடிப்பதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. இன்சார்ஜுக்குத் தூக்கத்தில் வந்திருக்கிறது. யாருக்கும் தெரியாமல் தாம்பரம் போய் டாக்டரைப் பார்த்து, போன மாதம்தான் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்.

"கம்பெனிக்குத் தெரிஞ்சா கேட்டுக்கு வெளியதான்னு அவரே சொல்லுவாரு. அந்தப் பையன அனுப்புனவரே அவருதானே. இங்க ஆபீசர் முன்னாடி வலிப்பு வந்துட்டா இன்னா பண்றதுன்னு, வாய் பேச முடியாம கையாலயே காட்டுனாரு. ஒரு வேளைகூட விடல. பொடி பண்ணி கஞ்சில கலந்து நான்தான் குடுத்துகினு கீறேன்."

கையில் இருந்த டம்ளரின் அடியில் வெள்ளைப் பொடி கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதை விரலால் தேய்த்துக்கொண்டே பேசினார். டம்ளரோடு அவரை உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். அவர் சொல்ல, டாக்டர் கேட்டார். வராந்தாவிலிருந்து வந்த ஆபீசரும் கேட்டார்.

மாத்திரையை அன்றே நிறுத்தினார்கள். தோல் உரிவது நிற்கவில்லை. தோல் இல்லாத இடமெல்லாம் கிருமி ஏறி, ரத்தத்தில் விஷமாகி, அந்த வாரக் கடைசியில் அவர் இறந்துபோனார். கஞ்சியில் கலந்து கொடுத்ததால்தானா என்று அவர் மனைவி டாக்டரிடம் கேட்டார். முன்னாடியே நிறுத்தியிருந்தால் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது என்று டாக்டர் சொன்னார். ஷாப்பில் அந்தக் கெமிக்கலைத்தான் இப்போதும் பயன்படுத்துகிறோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.