கழுவாமல் வைத்திருக்கும் சுருள்

ஒரே பிலிம் சுருளில் இன்னொருவர் வீட்டுச் சாவும் நம் வீட்டுக் குழந்தையும் இருந்தால், அந்தச் சுருளை என்ன செய்ய வேண்டும்? மாதக்கணக்காக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் பொகவந்தலாவை பசாரில் போட்டோ பிடிக்கிறவர். கடைக்குப் பின்புறமே எங்கள் வீடு. கல்யாணமான புதிதில் அவரிடம் இருந்தது முக்காலியில் நிற்கும் மரப்பெட்டிக் கமரா. அதைச் சுமந்துகொண்டு தேயிலைத் தோட்டம் தோட்டமாக மலையேற முடியவில்லை. கொழும்பில் பழைய கமராக்களை வாங்கி, பழுது பார்த்து விற்கும் கடை ஒன்றில் இரண்டு கண் கமரா ஒன்றை வாங்கினோம். மேல் கண் நாம் பார்க்க, கீழ்க் கண் படம் பிடிக்க. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் விழும். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது.

கடைக்காரர் முஸ்லிம். நானா என்றுதான் கூப்பிடுவோம். டோர்ச் வெளிச்சத்தைக் கண்ணாடிக்குள் பாய்ச்சி, பூஞ்சணம் நூலோடியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என எனக்கும் காட்டித் தந்தார். தோல் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடிக்கும், அடுப்புப் பக்கமும் வைக்காதீர்கள், வருஷத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். நாங்கள் கிளம்பும்போது என்னைப் பார்த்துச் சொன்னார்: "மலையில இதுக்கு ரெண்டு எமன் தங்கச்சி. ஒன்னு பூஞ்சணம், ஒன்னு தண்ணி."

பூஞ்சணத்தைப் பற்றித்தான் நான் பயந்துகொண்டே இருந்தேன். வெயில் அடித்த நாளெல்லாம் கமராவை ஜன்னலோரம் வைத்தேன். வருஷா வருஷம் கொழும்புக்கு அனுப்பினேன். தண்ணீர் எங்கள் வீட்டுக்குள்ளிருந்தே வருமென்று நினைக்கவில்லை.

தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் சாவு விழுந்தால் இவரைக் கூப்பிட ஆள் வரும். இறந்தவரை நாற்காலியில் சாய்த்து வைத்து, சுற்றிக் குடும்பம் நின்று ஒரு படம் எடுப்பார்கள். பலருக்கு வாழ்நாளில் அது ஒன்றே படம். திரும்பி வரும் இவரை மாமியார் பின்வாசலில் நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகே உள்ளே விடுவார். தோளில் தொங்கும் கமராவுக்கும் தெளிப்பு உண்டு. இவர் ஒருநாள் தடுத்தபோது, "எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த சாமான அப்படியே உள்ள கொண்டாறதா? வீட்டுல கைப்புள்ள இருக்குல்ல?" என்று கேட்டார். அதன் பிறகு இவர் தடுக்கவில்லை. உள்ளே வந்ததும் துணியால் துடைத்து வைப்பேன், அவ்வளவுதான்.

கைப்பிள்ளை என்றது எங்கள் இரண்டாவது மகனை. மொட்டை போடாத குழந்தையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மூத்தவளையும் மொட்டைக்குப் பிறகே எடுத்தோம். ஊர் முழுக்கப் படம் பிடிக்கிறவரின் வீட்டில் கைக்குழந்தைப் படம் ஒன்றும் கிடையாது.

அந்தச் சமயம் வெளிநாட்டுச் சாமான் வருவது குறைந்து பிலிம் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. ஒரு சுருளைப் பன்னிரண்டும் முடியாமல் கழற்ற மாட்டார். தோட்டத்தின் மேல் டிவிஷனில் ஒரு கங்காணி இறந்துபோய், அவருடைய சாவுப் படம் எடுத்துவிட்டு வந்த சுருளில் கொஞ்சம் மிச்சமிருந்தது. இரண்டு மூன்று நாள் கழித்து மழை விட்டு நல்ல வெளிச்சம். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். பிள்ளை அன்றுதான் பிடிமானமில்லாமல் உட்கார்ந்தான். இவர் கமராவை எடுத்தபோது நான் வேண்டாமென்று சொல்லவில்லை. எஸ்.எஸ்.சி. வரை படித்தவள், இதையெல்லாம் நம்பலாமா என்றுதான் நினைத்தேன். பிள்ளை கீழ்க் கண்ணைப் பார்த்துச் சிரித்தான். ஒன்று எடுத்து, சுருளை நகர்த்தக் கைப்பிடியைச் சுற்றியதும், "கைப்பிடி லேசா சுத்துது" என்றார். இன்னொன்று எடுத்தார். அதோடு கைப்பிடி இறுகி நின்றுவிட்டது.

அடுத்த வாரமே பிள்ளைக்கு மார்ச்சளி கண்டது. தோட்டத்து மருந்துக்குக் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெறுங்கையோடு திரும்பினோம். படம் எடுத்ததை மாமியாரிடம் இவரே சொல்லிவிட்டார். "சிரிச்சானா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

எங்கள் இருட்டறையிலேயே அந்தச் சுருளை எடுத்திருக்கலாம். இவருக்குக் கை வரவில்லை. கமராவை அப்படியே எடுத்துக்கொண்டு ஹட்டனில் கொழும்பு ரயில் ஏறினோம். நானா அதை இருட்டறைக்குள் கொண்டுபோய்ச் சுருளை எடுத்து, வெள்ளித்தாளில் சுற்றி என்னிடம் தந்தார். பிறகு வெளிச்சத்தில் பக்கத் தகட்டைக் கழற்றினார். பல் சக்கரங்களில் துரு. துருவோடு மஞ்சள் கறை.

"என்ன தம்பி, கமராவுக்கு ஆணம் ஊத்திச் சோறு போட்டீங்களா?" என்று சிரித்தார்.

இவர் மஞ்சள் தண்ணீர் விஷயத்தைச் சொன்னார். பிள்ளையைப் பற்றியும் சொன்னார். நானா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். "சக்கரம் வழுக்கியிருக்கு. கடைசிப் படங்க ஒன்னு மேல ஒன்னு விழுந்திருக்கலாம். விழாமலும் இருக்கலாம். கழுவினாத்தான் தெரியும்" என்றார். அங்கேயே கழுவித் தரட்டுமா என்றும் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். நான் வேண்டாமென்று தலையாட்டினேன்.

கைப்பிள்ளைக்கு முன்னால் அந்தச் சுருளில் விழுந்தது நாற்காலியில் சாய்த்த கங்காணி. என் பிள்ளையின் சிரிப்பு அவர் மடியில் விழுந்திருக்குமா? முகத்தின் மேலா? கண்ணை மூடினால் அதுதான் வருகிறது.

செத்துப்போன வேறொரு கமராவின் சக்கரத்தைப் போட்டு நானா சரி செய்து தந்தார். இரு நாட்டு ஒப்பந்தப்படி இந்தியா போக விண்ணப்பிக்கிறவர்கள் படத்துக்காக வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் கமராதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. சுருள் மட்டும் பால்மா டின்னில், ஈரம் இழுக்கப் போட்ட வறுத்த அரிசிக்குள் கிடக்கிறது. கழுவாமல் அதிக நாள் வைத்தால் மலை ஈரத்தில் உள்ளே இருப்பது மங்கிக்கொண்டே போகுமென்று நானா எச்சரித்துத்தான் அனுப்பினார்.

எனக்கு மட்டும் சொந்தமென்றால் அப்படியே மங்கட்டும் என்று விட்டிருப்பேனோ என்னவோ. கங்காணியின் மனைவி சம்பள நாள்தோறும் வந்து கடை பெஞ்சில் உட்காருகிறார். மகன் முன்னமே இந்தியா போய்விட்டவன். சாவுக்கு வர முடியவில்லை. அப்பாவின் முகத்தை ஒருதரம் பார்க்க வேண்டும் என்கிறானாம். கமரா ரிப்பேர் என்று இவர் சொல்லிவந்தார். போன முறை அந்த அம்மா இவரிடம் கேட்கவில்லை. உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒங்க புள்ள படமும் அதுலதான் இருக்குன்னு பசார்ல சொன்னாங்கம்மா. எங்க வீட்டுக்காரரு புள்ளைங்கன்னா உசுரா இருப்பாருங்க. ஒங்க புள்ளைய ஒன்னும் பண்ண மாட்டாரு."

நான் தேத்தண்ணீர் போட எழுந்துவிட்டேன். அவர் குடித்துவிட்டு மலையேறிப் போனார். படம் கழுவும் மருந்து கலக்க ரெடி, நீ சொல்லு என்கிறார் இவர். நாளைக்கு என்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் படம் கழுவிப் பழக்கமுள்ளவர்கள் இருப்பீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் இருப்பீர்கள். ஒன்றன் மேல் ஒன்று விழுந்த படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் பிரித்து அச்செடுக்க வழி உண்டா? நான் பார்க்காமல் இவரே கழுவி, அந்த அம்மாவுக்கு உரியதை மட்டும் கொடுத்துவிடச் சொல்வதா, அல்லது மருந்துத் தொட்டியருகே நானும் நிற்பதா? மழைக்காலம் தொடங்கப்போகிறது. எது சரியென்று தெரிந்தவர்கள் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.